கொழுந்துப் பாட்டுக்காரர்

எமரால்டு அணைக்கு மேலே, இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒடுங்கிக் கிடந்தது எங்கள் தேயிலை எஸ்டேட். நான் அங்கே ஹெட் கிளார்க். ஸ்டாஃப் கிளப்புக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்தபோது ஒரு சங்கடமும் கூடவே வந்தது. ஆன்டெனாவை ஊட்டிப் பக்கம் திருப்பினால் படம் பளிச்சென்று வரும், ஆனால் குரல் இருக்க வேண்டிய இடத்தில் எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம். அணைப் பக்கம் திருப்பினால் குரல் கணீரென்று கேட்கும், திரையில் அடைமழை. இரண்டும் சேர்ந்து ஒரு நாளும் வந்ததில்லை. ஊட்டியிலிருந்து மெக்கானிக்கை இரண்டு முறை வரவழைத்துப் பார்த்தோம். மலையை நகர்த்தினால் சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கடைசியில் கிளப்பில் கை தூக்கி முடிவு செய்தோம். எண்ணியவன் நான்தான். படத்துக்குப் பதினேழு கை, குரலுக்கு நாலு. நாலில் ஒன்று என்னுடையது. செய்தியாவது கேட்கலாமே என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவியே படத்துக்குக் கை தூக்கினாள். ஏன் என்று கேட்டதற்கு, "நியூஸு பேப்பர்ல வந்துருதுங்க. சீலை பேப்பர்ல வருமா?" என்றாள்.

இப்படியாக எங்கள் எஸ்டேட்டில் தொலைக்காட்சி ஊமையானது. அந்தக் குறையைத் தீர்க்க வந்தவர் எங்கள் டீமேக்கர். ஃபாக்டரியில் கொழுந்து வாடுவதிலிருந்து தூள் சலிப்பதுவரை அவர் பொறுப்பு. பொள்ளாச்சிக்காரர், பெரிய தொந்தி, அதைவிடப் பெரிய குரல். பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, திரையில் யார் வாயைத் திறந்தாலும் இவர் பேசுவார். மந்திரிகள் எல்லாரும் பொள்ளாச்சிப் பேச்சில் வெள்ள நிவாரணம் வழங்கினார்கள். வயலும் வாழ்வும் நிகழ்ச்சியில் பேச வந்த அதிகாரிகள் மாமனார் வீட்டு விருந்தைப் பற்றிப் பேசினார்கள்.

ஆனால் அவர் தன்னுடைய முழுத் திறமையையும் சேர்த்துவைத்திருந்தது சனிக்கிழமை மாலைக்கு. சென்னையிலிருந்து அரை மணி நேரம் ஒருவர் வருவார். ஒல்லியான ஆள், விடைத்த காதுகள், ரப்பர் போல எந்தப் பக்கமும் இழுபடும் வாய். ஒரு வாரம் தபால்காரராக, ஒரு வாரம் மணப்பெண்ணின் தகப்பனாக, இன்னொரு வாரம் ஏணியில் ஏறிச் சுவரொட்டி ஒட்டுகிறவராக வேஷம் போட்டுக்கொண்டு, நடுநடுவே சொந்தமாகக் கட்டிய பாட்டுகளைப் பாடுவார். அவர் பாடும்போது டீமேக்கரும் பாடுவார். உதடு மூடும் இடத்தில் மூடி, வாய் பிளக்கும் இடத்தில் பிளந்து, கொஞ்சமும் பிசகாமல் பாடுவார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், கோயமுத்தூரில் அண்ணன் வீட்டில் படமும் குரலும் சேர்ந்தே வருகிறது என்றும், போகும்போதெல்லாம் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வருகிறேன் என்றும் சொல்வார். நாங்கள் நம்பினோம். என் மனைவி மட்டும், "அந்த வாய்க்கு அண்ணன் ஊடு எதுக்குங்க?" என்பாள்.

கிளப்புக்குள் ஸ்டாஃப் குடும்பங்கள். வெளியே ஜன்னல்களில், வரிசைக் குடியிருப்பான லைன் வீடுகளின் தொழிலாளி ஜனங்கள். ஆறு ஜன்னல், ஒவ்வொன்றிலும் பத்துத் தலைக்குக் குறையாது. உள்ளே வந்து உட்காரச் சொன்னாலும் வரமாட்டார்கள். அலமாரி மறைவில் நிற்கும் டீமேக்கர் அவர்களுக்குத் தெரியமாட்டார், பெட்டியும் சத்தமும்தான் தெரியும்.

அந்தப் பாட்டு அப்படித்தான் எங்கள் மலைக்கு வந்தது. ஒரு சனிக்கிழமை திரையில் அந்தச் சென்னைக்காரர் முண்டாசு கட்டிக்கொண்டு வந்து நின்றார். முகத்துக்கு முன்னால் காற்றில் இரண்டு கையாலும் எதையோ சட்சட்டென்று பிடித்தார். பிடித்ததும் கையைத் தோளுக்கு மேலே வீசிப் பின்பக்கம் ஓர் அடி. மறுபடி பிடித்தார், மறுபடி தோள். ஜன்னலில் நின்ற பெண்கள் "ஐயோ, நம்ம வேலை" என்று வாயில் கை வைத்துக்கொண்டார்கள். கொழுந்தைக் கிள்ளித் தோளுக்கு மேலே முதுகுக் கூடையில் எறிவது அப்படியேதான் இருக்கும். டீமேக்கர் பாடினார்.

பட்டுக் கொழுந்து பறக்குதடி – அதைத்
தொட்டுப் பறிச்சாக் கூடையிலே
மூடுபனி வந்து மூடும்முன்னே
மூணாம் வரிசை முடிக்கணுமே

மறு வாரமே அது தேயிலைக் காட்டில் கேட்டது. ஒரு மாதத்தில் பக்கத்து எஸ்டேட்டிலும், படுகர் ஊர்களுக்குக் கூலி வேலைக்குப் போன பெண்கள் மூலம் அங்கேயும் கேட்டது. குழந்தைகள் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் ஆடினார்கள். அந்தச் சென்னைக்காரருக்கு எங்கள் எஸ்டேட்டில் ஒரே பெயர்தான் நிலைத்தது, கொழுந்துப் பாட்டுக்காரர்.

பிறகு அவர் பாடுவதை நிறுத்தினார். கொஞ்ச நாள் எங்கள் ஊமைப் பெட்டியிலேயே ஏதோ ஒரு பரிசுப் போட்டியில் கேள்வி கேட்டார். ஒரு தொடரில் மாமனாராக வந்து மூன்றாம் வாரம் செத்துப்போனார். கேபிள் வந்து படமும் குரலும் சேர்ந்தபோது அவரைக் காணவில்லை.

அப்புறம் தேயிலை விலையும் விழுந்தது. ஏலத்துக்கு அனுப்பிய மூட்டைகள் கேட்பாரில்லாமல் கிடந்தன. சுற்றியிருந்த சிறு விவசாயிகள் கொழுந்தைச் செடியிலேயே முற்ற விட்டார்கள், சிலர் செடியைப் பிடுங்கிவிட்டுக் காரட் போட்டார்கள். எங்கள் ஃபாக்டரி வாரத்தில் மூன்று நாள் ஓடியது, பிறகு இரண்டு. ஆண்டு விழா நின்றது. லைன் வீடுகளில் பூட்டுகள் கூடின. பூட்டியவர்களெல்லாம் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு இறங்கினார்கள். மாலையில் ஆபீஸிலிருந்து நடந்து வரும்போது பூட்டுகளை எண்ணிக்கொண்டு வருவேன். ஒன்று கூடியிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. என் மனைவி லைன் பக்கமாக வராமல் கோயில் பக்கமாகச் சுற்றி வரச் சொன்னாள். அங்கே போனால் கோயிலுக்கு வரும் ஆட்களை எண்ணினேன்.

அந்தச் சமயத்தில்தான் மானேஜர், செலவில்லாமல் ஏதாவது ஒரு விழா நடத்திக்கொள்ளுங்கள், ஜனங்கள் முகத்தில் உயிர் இல்லை என்றார். கூட்டம் போட்டோம். யாரை அழைப்பது என்ற பேச்சு வந்தபோது, கொழுந்து எடுப்பவர்களுக்கெல்லாம் மூத்தவளான ஒரு பெண் எழுந்தாள். சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். காட்டில் பாட்டெடுத்துக் கொடுப்பது அவள்தான்.

"கொழுந்துப் பாட்டுக்காரரைக் கூப்புடுங்க ஐயா. எத்தனையோ பேரு டீவியில பாடுனாங்க. நம்ம வேலையப் பாட்டுல வச்சது அவரு ஒருத்தருதான். அவருக்கு நம்ம ஒரு மாலை போட வேணாமா?"

மறுத்துப் பேச ஆளில்லை. ஊட்டியில் மெல்லிசைக் குழு வைத்திருந்த இளைஞர்கள் சும்மா வந்து வாசிக்க ஒத்துக்கொண்டார்கள், அவர்களுக்கும் அந்த வருஷம் கச்சேரி இல்லை. பெண்கள் பாட, அவர்கள் வாசிக்க, அவருடைய பாட்டுகளாகவே ஒரு மணி நேரம். இதுதான் ஏற்பாடு. தொலைக்காட்சி நிலையத்தின் முகவரிக்கு நான் கடிதம் எழுதினேன். இங்கே உங்கள் பாட்டைப் பாடாத வாய் இல்லை என்று ஒரு வரி சேர்த்தேன். பதில் வராது என்று டீமேக்கர் அடித்துச் சொன்னார். பெரிய மனுஷர்களுக்கு நம் மலை எங்கே தெரியப்போகிறது என்று சிரித்தார்.

பதில் வந்தது, அவர் கையெழுத்தில். பணம் வேண்டாம், என் செலவில் வருகிறேன் என்று எழுதியிருந்தார். அவருடைய பாட்டு எதுவும் கேசட்டாக வரவில்லையாம். நிகழ்ச்சி பதிந்த நாடாக்களில் பின்னாளில் வேறு ஏதேதோ பதிந்துவிட்டார்களாம். என் பாட்டு இனி எங்கேயும் இல்லை என்று இருந்தேன், உங்கள் மலையில் இருக்கிறது என்கிறீர்கள், அதைக் கேட்க வருகிறேன் என்று முடித்திருந்தார்.

அதைக் கூட்டத்தில் வாசித்தபோது பெண்கள் கை தட்டினார்கள். டீமேக்கர் தட்டவில்லை. அதற்குப் பிறகு ஒத்திகைக்கும் அவர் வரவில்லை. காய்ச்சல் என்றார், பல்வலி என்றார். விழாவன்று காலை, நான் சவரம் செய்துகொண்டிருக்கும்போது வாசலில் வந்து நின்றார். அவரிடம் அத்தனை நாள் இருந்த பெரிய குரல் இல்லை.

"அண்ணா, அது அவரு பாட்டில்லீங்கண்ணா."

"எது?"

"எதுமே. எல்லாம் நானாப் பாடுனதுங்க. அவரு வாயைப் பாத்து, கையைப் பாத்து, அங்கயே கட்டுனது."

கோயமுத்தூர் அண்ணன் வீட்டில் கேட்டதாகச் சொன்னீர்களே என்று கேட்டேன். அண்ணன் வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியே இல்லையாம். அவர் தண்ணீர் தொட்டியடியில் உட்கார்ந்துவிட்டார். உள்ளேயிருந்து என் மனைவி, "தம்பி, காப்பி குடிச்சுப்போட்டு அழுவுங்க" என்றாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

தாடையில் இரண்டு இடத்தில் வெட்டிக்கொண்டேன். பெண்களிடம் சொல்லிவிடலாமா? ஒரு மாதமாகப் பாடிப் பழகியிருக்கிறார்கள், அவர் தங்களைப் பாடினார் என்ற ஒன்றுதான் அவர்களை இந்த விழாவுக்கே இழுத்து வந்தது. அவரிடம் சொல்லிவிடலாமா? தன் பாட்டு உயிரோடிருக்கிறது என்று நம்பி, இந்த வயதில் மலையேறி வருகிறார். ஐயா, உங்கள் குரலை ஒரு வாரம்கூட நாங்கள் கேட்டதில்லை என்று எப்படிச் சொல்வது? யோசித்துக்கொண்டிருக்கும்போதே கார் வந்துவிட்டது.

இறங்கினார் கொழுந்துப் பாட்டுக்காரர். காதும் வாயும் அதேதான், ஆனால் முடி முழுக்க நரைத்திருந்தது. "வணக்கம் சார்" என்றார். குரல் மெல்லியதாக, கொஞ்சம் மூக்கடைத்தாற்போல இருந்தது. எங்களுக்கு அவருடைய குரல் என்றால் டீமேக்கரின் குரல். வேறு யாரோ அவர் வாயில் பேசுவது போல எனக்குப் பட்டது. டீமேக்கர் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார், அந்தத் தொந்தியோடு அது சுலபமில்லை.

விழாவை ஃபாக்டரி மேல்மாடியில் வைத்திருந்தோம். கொழுந்தை வாடப்போடும் இடம் அது. நீளமான தட்டுகளெல்லாம் காலியாகக் கிடந்தன, அவற்றின் ஓரத்திலேயே ஜனங்கள் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். பத்து வருஷத்துக் கொழுந்து வாசனை பலகையில் ஏறியிருந்தது. நூற்று நாற்பது பேருக்கு மேல் எண்ணினேன். திருப்பூருக்குப் போனவர்களில் சிலரும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். ஒரு ஸ்டாஃப், வந்தவர் சின்னத்திரைக்கு ஆற்றிய தொண்டு பற்றி எழுதி வைத்து வாசித்தார். மானேஜர் பொன்னாடை போர்த்தினார். விருந்தாளி எல்லாவற்றுக்கும் கும்பிட்டுக்கொண்டே, மேடை ஓரத்தில் நின்ற பெண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது பாடுவார்கள் என்று என்னிடம் இரண்டு முறை கேட்டார்.

முதலில் தபால்காரர் பாட்டு. அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். முதல் வரி முடிந்தது, இரண்டாம் வரி முடிந்தது. அவர் நெற்றி சுருங்கியது. தன் காது சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவர்போலத் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பிறகு மெதுவாகப் பின்னால் சாய்ந்துகொண்டார். இரண்டாம் பாட்டு, மூன்றாம் பாட்டு. சிரித்த முகம் அப்படியே இருந்தது, ஆனால் அதில் அவர் இல்லை. பொன்னாடையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு மேடையிலிருந்து இறங்கி ஓடிவிடலாம் என்றிருந்தது.

கடைசியாகக் கொழுந்துப் பாட்டு. அந்த மூத்த பெண் நடுவில் நின்றாள், பக்கத்துக்கு ஐந்து பேர், எல்லார் முதுகிலும் கூடை. டோலக்கு ஆரம்பித்ததும் பதினோரு பேரும் சேர்ந்து காற்றில் இரண்டு கையாலும் சட்சட்டென்று பிடித்தார்கள், தோளுக்கு மேலே வீசினார்கள். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி பிடித்தார்கள், வீசினார்கள். அவருடைய வலது கை தானாக மேலே எழும்பியது. விரல்கள் காற்றில் எதையோ பிடித்தன. உதடு அசைந்தது. ஜனங்கள் பாட்டைப் பாடுவதாக நினைத்தார்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் அது வேறு வார்த்தைகள் என்று தெரிந்தது. என்ன வார்த்தைகள் என்று கேட்கவில்லை, டோலக்கு ஓங்கியடித்தது. ஆனால் பெண்கள் வாய் மூடியபோது அவர் வாயும் மூடியது, அவர்கள் திறந்தபோது திறந்தது. அவர் கண் அகன்றது. கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

பாட்டு முடிந்ததும் அந்தப் பெண் மைக்கைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள். "தப்பு ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க ஐயா" என்றாள்.

பின்வரிசையில் டீமேக்கர் எழுந்து நின்றுவிட்டார். வாசலைப் பார்த்தா, மேடையைப் பார்த்தா என்று எனக்குத் தெரியவில்லை.

கொழுந்துப் பாட்டுக்காரர் மைக்கை வாங்கினார். "இந்தப் பாட்டை நான் இவ்வளவு நல்லாப் பாடினதே இல்லம்மா" என்றார். பிறகு அவளிடம் ஒரு கூடையைக் கேட்டு வாங்கி முதுகில் மாட்டிக்கொண்டு, இன்னொரு முறை பாடச் சொன்னார். கைவேலை மட்டும் செய்தார். அந்தக் கைவேலையைப் பார்த்துத்தான் பாட்டே பிறந்தது என்பது அப்போது அவருக்குத் தெரியாது. ஜனங்கள் தட்டுகளைத் தட்டித் தாளம் போட்டார்கள்.

சாப்பாடு எங்கள் வீட்டில். டீமேக்கரை என் மனைவிதான் கையைப் பிடிக்காத குறையாக அழைத்து வந்தாள். இலை போட்டு, ரசம் வரும்வரை யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. விருந்தாளியே ஆரம்பித்தார், தலை நிமிராமல்.

"வார்த்தை யாரோடது சார்?"

டீமேக்கர் சொல்லிவிட்டார். ஆன்டெனா, கடுகு பொரிகிற சத்தம், கை தூக்கியது, பொள்ளாச்சி மந்திரிகள், இல்லாத அண்ணன் வீட்டு டீவி, எல்லாம். முடிந்ததும் விருந்தாளி கேட்டது ஒன்றுதான்.

"அப்போ என் குரலை இங்க யாருமே கேட்டதில்ல."

"இல்லீங்க."

"ஒரு வாரம்கூட?"

என் மனைவிதான் பதில் சொன்னாள். "ஏனுங்க, அந்தப் பொட்டி அன்னிக்குச் சொல்லலீங்க. நீங்க நேர்ல வந்திருக்கீங்க. இப்பச் சொல்லுங்க, கேட்டுக்கறோம். அந்தக் கையில பிடிச்சுப் பிடிச்சு அடிச்சீங்களே, அது என்னங்க?"

"கொசும்மா" என்றார் அவர்.

எங்களுக்கு முதலில் புரியவில்லை. எங்கள் உயரத்தில் கொசு கிடையாது. அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கொசுவைப் பார்த்ததே இல்லை. ஜன்னலில் நின்ற அறுபது தலையில் ஒன்றுக்காவது அது கொசு என்று தோன்றாததில் வியப்பில்லை. அவர் கை கழுவிவிட்டு வந்து, கூடத்தில் நாற்காலியை ஓரமாக நகர்த்திவிட்டு நின்று பாடினார்.

பட்டுனு அடிச்சாப் பறக்குதய்யா – கொசு
தொட்டதும் தோளு தடிக்குதய்யா
மூடின ஜன்னல் மூடியிருக்க
மூக்குல வந்து முத்தம் கொடுக்குது

சன்னமான குரல்தான், ஆனால் அந்த வாய்க்கு அதுதான் பொருந்தியது. மூக்கில் கொசு உட்காரும் இடத்தில் கண்ணை ஒன்றாகக் குவித்து, அடிக்கலாமா வேண்டாமா என்று அவர் கை தயங்கியபோது, என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் மேட்டுப்பாளையத்தில் பிறந்தவள், கொசு தெரிந்தவள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவர் அந்த இடத்தை இன்னொரு முறை செய்தார். டீமேக்கருக்கோ வேறு கவலை. "பட்டு, தொட்டு, மூடு எல்லாம் சரியாப் பிடிச்சிருக்கேனுங்களே" என்று என் காதில் சொன்னார். பயம் போய்ப் பழைய குரல் திரும்பியிருந்தது.

அப்போது வாசலில் அந்த மூத்த பெண் நின்றாள். அவருக்குக் கொடுத்தனுப்ப ஒரு பை நிறையக் காரட்டும் பீன்ஸும் கொண்டுவந்திருந்தாள். எவ்வளவு நேரம் நின்றாளோ, முகம் சுளித்திருந்தது.

"கை தாளம் எல்லாம் நம்ம பாட்டாச்சே. ஒரே கொசுவாக் கெடக்கு. யாருங்க ஐயா இப்புடிக் கெடுத்தது?"

நான் டீமேக்கரைப் பார்த்தேன். டீமேக்கர் கூரையைப் பார்த்தார்.

"நான்தாம்மா" என்றார் அவர். "வயசுல, தெரியாமப் பண்ணிட்டேன்."

"பரவாயில்ல ஐயா. பொறவு நல்லாப் பாடிட்டீங்களே" என்று அவள் மன்னித்துவிட்டுப் பையை வைத்தாள். போகாமல் அவளும் நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

மூன்று மணிக்கே பனி இறங்கத் தொடங்கியது. கீழே கார் டிரைவர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். மலைப் பாதை இருட்டினால் கஷ்டம் என்று எனக்குத்தான் பதைப்பு, அவர் எழுந்திருக்கவில்லை. டீமேக்கர் நாற்காலியை அவருக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கொசுப் பாட்டு இன்னொருக்காப் பாடுங்க, பிடிச்சுக்கறேன். அப்புறம் ஏணி மேல ஏறி, பசை வாளி தலையில கவுந்துதே. அதுக்கு என்ன பாடுனீங்க?"

"அதுவா?" என்றார் அவர். தலையிலிருந்து பசை வழிவதுபோல முகத்தை ஒரு துடை துடைத்தார். பிறகு என் மனைவியிடம், டிரைவருக்கு ஒரு டீ கொடுத்து உட்காரச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.